நாவுக்கரசர் குருபூசையில் உழவாரம் கைக்கு வரவேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரைச் சதயத்தன்று நடந்த, அப்பர் என்று போற்றப்படும் திருநாவுக்கரசு நாயனாரின் குருபூசைச் செய்திகளைத் தங்கள் நாளிதழில் படித்தேன். பல ஊர்ச் சிவாலயங்களில் அபிடேகமும் அலங்காரமும் வீதியுலாவும் அடியார்களுக்கு அமுதளிக்கும் மாகேசுர பூசையும் குறைவற நடந்திருக்கின்றன. நடத்திய அன்பர்கள் அனைவரும் வணக்கத்துக்குரியவர்கள். ஆயினும், புல் செதுக்கும் கருவியாகிய உழவாரத்தை வெள்ளியில் செய்து தோளில் சார்த்தி அப்பர் பெருமானின் திருமேனியை எழுந்தருளச் செய்த திருச்சுற்றுகள் பலவற்றில் புல்லும் நெருஞ்சியும் மண்டிக் கிடப்பதையும், விமானத்துக் கற்களின் இடுக்கில் அரசங்கன்று வேர்விட்டு நிற்பதையும், கருவறைச் சுவரின் கல்வெட்டு எழுத்துகள் சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடப்பதையும் உழவாரப் பணிக்குப் போகும் ஊர்தோறும் பார்த்து வருகிறவன் என்ற முறையில், ஒரு வேண்டுகோளைத் தங்கள் வாயிலாகச் சைவ உலகின் முன் வைக்க விரும்புகிறேன். அப்பருக்கு நாம் எடுக்கும் விழாவில் அவர் செய்த வேலைக்கு முதலிடம் தரப்பட வேண்டும். அந்த வேலையும், கோயிலைக் கெடுக்காமல் காக்கும் முறையறிந்து செய்யப்பட வேண்டும்.

அவருடைய வரலாற்றை அறியாத சைவர் இரார். திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மருள்நீக்கியாராகப் பிறந்ததும், சமணம் சார்ந்து தருமசேனர் என்ற பெயரோடு பாடலிபுத்திரமாகிய திருப்பாதிரிப்புலியூரில் தலைமை பெற்று விளங்கியதும், சூலைநோயால் வருந்தித் திருவதிகைக்குத் திரும்பியதும் பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் செய்திகள்தாம். சுண்ணாம்புக் காளவாயாகிய நீற்றறையில் ஏழு நாள் இருந்ததையும், நஞ்சு அமுதானதையும், யானை வலம்வந்து வணங்கியதையும், கல்லோடு கட்டிக் கடலில் இட்டபோது அக்கல்லே தெப்பமாக மிதந்ததையும் மேடைதோறும் விரித்துரைக்கிறோம். அந்த அற்புதங்களை நானும் நெஞ்சாரப் போற்றுகிறேன். ஆனால் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் இவ்வரலாற்றை எழுதும்போது அற்புதங்களுக்கு இடையிடையே ஓர் இழையை அறுபடாமல் கொண்டு செல்கிறார். அதைத்தான் நாம் மேடையில் விட்டுவிடுகிறோம்.

அந்த இழை திலகவதியார் கையில் தொடங்குகிறது. மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார், பெற்றோரும் மறைந்தனர். தாமும் உயிர்விடத் துணிந்தவர், தம்பி தனியாகிவிடுவானே என்று உயிர் தாங்கியிருந்தார். அந்தத் தம்பியும் வேறு நெறி சென்றபின் அவர் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து செய்த தவம் எது என்று பார்த்தால், பொழுது புலரும் முன்னே எழுந்து திருக்கோயில் முற்றத்தைப் பெருக்குவதும், சாணத்தால் மெழுகுவதும், பூக்கொய்து மாலை தொடுப்பதுமே ஆகும். நோயோடு வந்து காலில் விழுந்த தம்பிக்குத் திருநீறு தந்து அவர் கோயிலுக்கு அழைத்துச் செல்லும் காட்சியைச் சேக்கிழார் சொல்லும் இடத்தில், அந்த அம்மையார் துடைப்பமும் சாணமும் தோண்டியும் கையில் எடுத்துக்கொண்டுதான் புறப்படுகிறார். அவருக்கு அது அன்றாட வேலை. தம்பிக்கு நோய் என்று அன்றைக்கு அந்த வேலை நிற்கவில்லை. நாவுக்கரசர் என்று உலகம் போற்றப்போகும் ஒருவர், துடைப்பம் ஏந்திய தமக்கையின் பின்னால் நடந்துபோய்த்தான் 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்ற முதல் பதிகத்தைப் பாடினார். அறுபத்துமூவர் வரிசையில் திலகவதியார் இடம்பெறவில்லை என்றாலும், அப்பர் கையில் உள்ள உழவாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தமக்கையின் துடைப்பத்தையும் நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். எங்கள் குழுவில் பணிக்கு வருபவர்களில் பெண்களே மிகுதி என்பதையும், எந்தக் குருபூசை அழைப்பிதழிலும் அவர்கள் பெயர் இடம்பெறுவதில்லை என்பதையும் வருத்தத்தோடு இங்கே குறிப்பிடுகிறேன்.

திருவாரூர்த் திருத்தாண்டகத்தில் அப்பர் தம் நெஞ்சுக்குச் சொல்லும் அறிவுரை, தமக்கையிடம் கண்டதை அப்படியே சொல்வதாக இருக்கிறது. நிலைபெற வேண்டும் என்று எண்ணினால் நெஞ்சே வா என்று அழைத்து, நாள்தோறும் எம்பிரான் கோயிலுக்குள் புகுந்து, 'புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்குமிட்டு', பூமாலை புனைந்து, புகழ்ந்து பாடி, தலையாரக் கும்பிட்டுக் கூத்தும் ஆடு என்கிறார். வரிசையைக் கவனிக்க வேண்டும். பெருக்குவதும் மெழுகுவதும் முன்னே வருகின்றன. பாட்டும் கூத்தும் அதன் பின்னே வருகின்றன. ஊர்தோறும் பதாகைகளில் எழுதப்படும் 'என்கடன் பணிசெய்து கிடப்பதே' என்ற அடியும் வெறும் பணிவுரையாகப் பிறந்ததில்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த கடம்பூரில், கரக்கோயில் என்று பெயர்பெற்ற ஒரு கோயிலின் முன்நின்று, அடியேனைத் தாங்குவது அவன் கடன், பணிசெய்து கிடப்பது என் கடன் என்று இருவர் பொறுப்பையும் பிரித்துச் சொன்ன பாட்டு அது. கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் என்று தம் காலத்துக் கோயில்களை வகைபிரித்துப் பாடிவைத்தவரும் அவரே. நுழைந்த கோயிலின் அமைப்பைக் கண்ணால் அளந்தவர் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கைத்தொண்டுக்கு இறைவன் தரும் மதிப்பு என்ன என்பதற்குத் திருவீழிமிழலை வரலாற்றை ஒவ்வொரு குருபூசையிலும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. பஞ்ச காலத்தில் அடியார்களுக்கு அமுதளிக்கச் சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாளும் ஒவ்வொரு காசு பலிபீடத்தில் கிடைத்து வந்தது. அப்பர் மடத்தில் வேளையோடு பந்தி நடந்தது. சம்பந்தர் மடத்தில் தாமதமாயிற்று. காரணம் கேட்டபோது, அப்பருக்குக் கிடைக்கும் காசு வாசி, அதாவது மதிப்புக் குறைவு, இல்லாத நற்காசு என்பதும், சம்பந்தர் பெறும் காசைக் கடைக்காரர்கள் வட்டம் (தள்ளுபடி) கழித்தே வாங்குகிறார்கள் என்பதும் தெரியவந்தன. உமையம்மையிடம் ஞானப்பால் உண்ட பிள்ளைக்குக் குறைந்த காசும், உழவாரம் பிடித்துக் காய்த்த கைக்கு நிறைகாசும் கிடைத்தன. சம்பந்தப் பெருமானும் அதை ஏற்று, 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று பாடியே குறை நீங்கப் பெற்றார். உடல் உழைப்பைக் கீழ்ப்படியில் வைக்கும் மனப்பழக்கத்தை இவ்வளவு நேரடியாக மறுக்கும் நிகழ்ச்சி வேறு எந்த நாயனார் வரலாற்றிலும் எனக்குத் தென்படவில்லை.

பின்வந்த சுந்தரர் அப்பரை எப்படி வணங்கினார் என்பதும் நாம் படித்துக்கொள்ள வேண்டியதே. திருவதிகையின் எல்லைக்கு வந்தவர், நாவுக்கரசர் கைத்தொண்டு செய்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சி, ஊருக்குள் நுழையாமல் வெளியே இருந்த சித்தவட மடத்திலேயே தங்கிவிட்டார். பாடிய ஊர் என்பதற்காகவும் அற்புதம் நிகழ்ந்த ஊர் என்பதற்காகவும் அவர் அஞ்சவில்லை. உழவாரப் படையாளி தொண்டு செய்த தலம் என்றே அஞ்சினார் என்று சேக்கிழார் தெளிவாகச் சொல்கிறார். திருத்தொண்டத் தொகையில் 'திருநின்ற செம்மையே செம்மையாக் கொண்ட' என்று அப்பரைச் சிறப்பித்தவரும் சுந்தரரே.

வாழ்க்கையின் முடிவுக் காட்சியிலும் உழவாரம் இருக்கிறது. கயிலை காணும் வேட்கையில் கால்கள் தேய, கைகள் தேய, மார்பால் ஊர்ந்து, திருவையாற்றில் கயிலைக் காட்சி கண்டபின்னும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. முதுமையில் திருப்புகலூரில் திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் கிடந்து ஒளிவிட்டன. அவற்றையும் பருக்கைக் கற்களையும் வேறாகக் காணாமல், உழவாரத்தால் ஒருசேர வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அரம்பையர் ஆடியும் பாடியும் அவர் மனத்தை அசைக்க முடியவில்லை. 'உன்னடிக்கே போதுகின்றேன்' என்று பாடி அவர் சிவனடி சேர்ந்த நாளே சித்திரைச் சதயம். அந்தக் குளம் இன்றும் கோயிலைச் சூழ்ந்து அகழிபோல் நீர் நிறைந்து கிடப்பதைத் திருப்புகலூர் போனவர்கள் கண்டிருப்பார்கள்.

வரலாற்றின் இன்னொரு பகுதியைப் பற்றியும் ஒரு சொல். அப்பரைத் துன்புறுத்திய பல்லவ மன்னனை முதலாம் மகேந்திரவர்மன் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கொள்கின்றனர். குணபரன் என்னும் மன்னன் மாற்று நெறியிலிருந்து திரும்பி இலிங்க வழிபாட்டை ஏற்றதைத் திருச்சிராப்பள்ளிக் குடைவரைக் கல்வெட்டுச் சுலோகம் குறிப்பிடுகிறது. அதிகையில் குணபரவீச்சரம் எடுத்தவனும் அவனே என்பது பெரிய புராணம். இந்தப் பகுதியை மேடையில் சொல்லும் சிலர், இன்று நம்மோடு வாழும் தமிழ்ச் சமணர்களைப் பழிக்கும் தொனியில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். தம்மைக் கொல்ல வந்த யானையையும் சபிக்காமல் 'அஞ்சுவது யாதொன்றும் இல்லை' என்று பாடி நின்றவரின் குருபூசைக்கு அந்தத் தொனி சற்றும் பொருந்தாது. குலமும் கோத்திரமும் கொண்டு என்ன செய்வீர் என்று கேட்டவரும், ஆவுரித்துத் தின்பவரே ஆனாலும் கங்கைவார் சடையனுக்கு அன்பர் என்றால் அவரே நாம் வணங்கும் கடவுள் என்றவரும் அவர்தாமே.

அப்பருக்கு நம் முன்னோர் செய்த சிறப்புகள் பெரியவை. திங்களூரில் அப்பூதியடிகள் அவரை நேரில் காணும் முன்பே தம் பிள்ளைகளுக்கும், சாலைக்கும், தண்ணீர்ப் பந்தலுக்கும், குளத்துக்கும் திருநாவுக்கரசு என்றே பெயரிட்டார். ஊர் பயன்படுத்தும் பொருள்களுக்கு அவர் பெயரை வைத்தார் என்பதை இன்றைய நாம் நினைவில் கொள்ள வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரும், அவர்களுக்கு உடுக்கையும் மத்தளமும் வாசிக்க இருவருமாக 50 பேரை நியமித்து ராசராச சோழன் நெல் அளித்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அப்பர் உள்ளிட்ட அடியார்களின் செப்புத் திருமேனிகளை அக்கோயிலுக்கு அதிகாரி ஒருவர் செய்தளித்ததும் கல்வெட்டில் உண்டு. தாராசுரத்தில் இரண்டாம் ராசராசன் எடுத்த கோயிலில் நாயன்மார் வரலாறுகள் கல்லில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. இன்றைக்கும் ஆடி அமாவாசையில் திருவையாற்றில் அப்பர் கயிலைக் காட்சியைக் காணக் கூட்டம் திரளுகிறது. கடலூரில் அவர் கரையேறிய விழா நடக்கிறது. இவ்விழாக்கள் மேலும் சிறக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆனால் போற்றியவற்றைப் பேணத் தவறியபோது எதை இழந்தோம் என்பதும் நமக்குத் தெரியும். அப்பர் பாடியவை 'ஏழெழு நூறு இரும்பனுவல்' என்கிறார் சுந்தரர். அது 4,900 பதிகங்களைக் குறிப்பதாகப் பெரியோர் உரைப்பர். நமக்குக் கிடைத்திருப்பவை நான்காம் திருமுறையில் 113, ஐந்தாம் திருமுறையில் 100, ஆறாம் திருமுறையில் 99 என மொத்தம் 312 பதிகங்கள். தில்லையில் பூட்டிய அறைக்குள் கறையான் தின்றது போக மிஞ்சியவை இவை என்பது திருமுறை கண்ட வரலாறு. ஓலை இழந்ததைக் கல் காத்துத் தந்த அருமையான நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. எந்தச் சுவடியிலும் இல்லாதிருந்த சம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம், அவ்வூர்க் கோயிலின் கல்வெட்டிலிருந்து 1917ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. அந்தச் சுவரை அதற்கு முன்பே யாரேனும் 'சுத்தம்' செய்கிறேன் என்று உளியாலோ, காற்றழுத்தத்தால் மணலைப் பீய்ச்சும் மணல் வீச்சாலோ தேய்த்திருந்தால் அப்பதிகம் நமக்கு என்றைக்கும் இல்லாமற் போயிருக்கும். அப்பரின் இழந்த பதிகம் ஒன்று இன்னும் ஏதோ ஒரு சிற்றூர்க் கோயிலின் அடித்தளத்துக் குமுதப் படையில் சுண்ணாம்புக்குக் கீழே காத்திருக்கலாகாதா என்று, கல்வெட்டுச் சுவரின் முன் நிற்கும்போதெல்லாம் என் மனம் ஏங்கும்.

இந்த இடத்தில்தான் உழவாரப் பணிக் குழுக்களாகிய நாங்களும் எங்களைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. விடுமுறை நாளில் பேருந்து பிடித்து, சொந்தக் காசில் சாமான் வாங்கி, வெயிலில் நின்று வேலை செய்யும் அன்பர்களின் பக்தியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆயினும் ஆர்வ மிகுதியால் செய்யப்படும் சில வேலைகள் கோயிலுக்குத் தீங்காகவே முடிகின்றன. எண்ணெய்ப் பிசுக்கேறிய தூண் சிற்பத்தைக் கம்பித் தூரிகையால் தேய்க்கிறார்கள். பிசுக்கு போகிறது, அதோடு சிற்பத்தின் விரல் நுனியும் மழுங்கிப் போகிறது. தரை பளிச்சென்று தெரிய அமிலம் ஊற்றுகிறார்கள். கல்லின் மேற்பரப்பு பொரிந்துவிடுகிறது. சிற்றூர்க் கோயில் ஒன்றில், அடியார் கூட்டம் ஒன்று நல்லெண்ணத்தோடு கருவறைப் புறச்சுவர் முழுவதற்கும் பளபளக்கும் பெயின்ட் அடித்துவிட்டுப் போனபின் நாங்கள் பணிக்குச் சென்றோம். தெய்வத் திருமேனி இருக்கும் சுவர்மாடமாகிய தேவகோட்டத்துக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் பெயின்ட் உரிந்து, 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற எழுத்துகளும் அடுத்த வரியில் ஓர் ஊர்ப் பெயரின் பாதியும் தெரிந்தன. அதற்கு மேல் படிக்க வழியில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் வெந்நீரும், சீயக்காய்த் தூளும், தேங்காய் நாரும், பொறுமையும் போதும். இந்தப் பூச்சை எடுப்பதற்கு வல்லுநர்தான் வரவேண்டும்.

மரக்கன்றுகளின் கதையும் இதைப் போன்றதே. பறவை எச்சத்திலிருந்து முளைக்கும் அரசும் ஆலும் விமானத்து இடுக்குகளில் வேர்விடும்போது, மேலே தெரியும் தண்டை மட்டும் வெட்டினால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் துளிர்க்கும். பலம்கொண்ட மட்டும் பிடித்து இழுத்தால் வேரோடு கல்லும் நகரும். தண்டை வெட்டி, வேரை மருந்திட்டுப் பட்டுப்போகச் செய்து, அது மக்கியபின் இடுக்கைச் சுண்ணாம்புக் கலவையால் அடைப்பதே முறை. அவசரத்துக்குச் சிமெண்ட் வைத்துப் பூசினால் நீர் உள்ளேயே தங்கிக் கல்லைக் கெடுக்கும். இதைச் செய்ய ஸ்தபதியோ பொறியாளரோ மேலே ஏற வேண்டும். சாரம் கூட இல்லாமல் இளைஞர்களை விமானத்தில் ஏற்றிவிடுவது உயிருக்கும் ஆபத்து, ஆகம முறைக்கும் பொருந்தாது.

உழவாரமே ஒரு நுட்பமான கருவி. நீண்ட காம்பின் முனையில் தட்டையான இரும்புத் தகடு. குனியாமல் நின்றபடி, தகடு மண்ணோடு படியும்படி தாழ்த்திப் பிடித்து முன்னே தள்ளினால் புல் வேரருகே அறுபடும்; காம்பைத் தூக்கிப் பிடித்தால் தகடு நிமிர்ந்து தளக்கல்லைச் சுரண்டிவிடும். எங்கள் குழுவின் மூத்த அம்மா ஒருவர் புதிதாக வருகிறவர்களிடம், "புல்லைச் சீவுங்க தம்பி, கல்லைச் சீவாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொல்வார். மழை பெய்து மண் இளகிய மறுநாள்தான் வேலைக்கு உகந்த நாள். கோரைக்கு உழவாரம் போதாது. கிழங்கைக் களைக்கொட்டால் அகழ்ந்தெடுக்காவிட்டால் சில நாளில் பழையபடி பச்சை கட்டும். ஆகவே ஆண்டுக்கு ஒருநாள் பேருந்துக் கணக்கில் ஆள் திரட்டிச் செய்வதைக் காட்டிலும், உள்ளூர்க்காரர் நான்கைந்து பேர் மாதத்துக்கு ஒருமுறை செய்வதே கோயிலைக் காக்கும். அப்பரும் ஊர் ஊராகப் போனார் என்றாலும், திருப்பூந்துருத்தியிலும் திருப்புகலூரிலும் நெடுநாள் தங்கியிருந்தே தொண்டு செய்தார்.

சோழர் காலத்தில் பழைய எழுத்துக்கு இருந்த மரியாதையை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். அப்பர் காலத்துக் கோயில்களில் பெரும்பாலானவை செங்கல்லும் மரமுமாக இருந்தவை. பிற்காலத்தில் அவை கற்றளிகள், அதாவது கற்கோயில்கள், ஆயின. செம்பியன் மாதேவியார் திருக்கோடிகாவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கோயிலில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். திருப்பணி செய்பவர் முதலில் காக்க வேண்டியது முன்னோர் எழுதிவைத்ததையே என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசமாதேவி செய்துகாட்டியிருக்கிறார். மணல் வீச்சு முறையை இந்து சமய அறநிலையத் துறை தடை செய்திருக்கிறது. தடை ஏட்டில் இருந்தால் போதாது. குடமுழுக்கு நெருங்கும் அவசரத்தில் உபயதாரரும் ஒப்பந்தக்காரரும் அதை மீறாதபடி கண்காணிக்க ஊர்மக்களும் முன்வர வேண்டும்.

இவற்றை மனத்தில் வைத்து அறநிலையத் துறைக்கும் ஆதீனங்களுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் இதுவே. அப்பர் பதிகம் பெற்ற தலங்களில் எல்லாம், சித்திரைச் சதயத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையை உழவார நாளாக அறிவிக்க வேண்டும். கல்வெட்டுச் சுவர்களிலும் சிற்பங்களிலும் விமானத்திலும் கைவைக்கும் முன் ஸ்தபதி அல்லது தொல்லியல் அறிந்தவர் ஒருவர் அருகிருந்து வழிகாட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்யவே கூடாது என்பதை ஒரே தாளில் அச்சிட்டுக் கோயில் வாசலில் ஒட்ட வேண்டும். குழுக்கள் பணிக்கு அனுமதி கேட்டு வரும்போது அந்தத் தாளைக் கையில் கொடுத்தே அனுமதிக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு எதுவும் பிடிக்காது.

ஓதுவாமூர்த்திகளிடம் தனியாக ஒரு விண்ணப்பம். பணி முடிந்து கைகால் கழுவி அடியார்கள் சன்னிதி முன் கூடும் வேளையில், அந்தத் தலத்துக்கு அப்பர் பாடிய பதிகத்தையே முழுமையாகப் பாடுங்கள். எல்லா ஊரிலும் 'மாசில் வீணையும்' ஒலிக்கிறது. இனிமையான பாட்டுதான். ஆனால் தன் ஊர்ப் பெயர் வரும் பதிகத்தை ஒருமுறைகூடக் கேட்டறியாதவர்கள் அதே ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். காலையிலிருந்து புல் செதுக்கிய ஒரு பெண், தாம் செதுக்கிய முற்றத்தையே அப்பர் பாடியிருக்கிறார் என்று அறிந்தபோது கண்ணீர் விட்டதைப் பார்த்திருக்கிறேன். ஓதுவார் இல்லாத கோயில்களே மிகுதி என்பதால், அருகிலுள்ள பெரிய கோயில் ஓதுவார் ஒருவரை அந்த ஒருநாள் மட்டுமாவது அனுப்பிவைக்கத் துறை ஆவன செய்யலாம்.

குருபூசை நடத்தும் மன்றங்களும் அலங்காரச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, நல்ல உழவாரங்களும் களைக்கொட்டுகளும் நார்த் தூரிகைகளும் வாங்கிக் கோயிலிலேயே வைத்துவிடலாம். உற்சவருக்குச் சார்த்தும் வெள்ளி உழவாரம் பெட்டகத்துக்குத் திரும்பியபின்னும் இந்த இரும்பு உழவாரங்கள் மடப்பள்ளிச் சுவரோரம் சார்த்தியிருக்கும். வேண்டியவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அடுத்த சித்திரைச் சதயத்துக்கு ஒரு வாரம் முன்பாக, கல்வெட்டறிஞர் ஒருவரையும் ஸ்தபதி ஒருவரையும் கலந்து, உழவாரப் பணியில் செய்யத்தக்கவற்றையும் தகாதவற்றையும் படங்களோடு அரைப்பக்கம் வெளியிட்டால், நாங்கள் அதைப் படியெடுத்து எங்கள் வட்டாரத்துக் கோயில்களில் விநியோகிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உழவாரப் பணிக்குழு அன்பர் ஒருவர்,
கடலூர் மாவட்டம்.